‘டிரிஃப்ட்’: கொஞ்சம் கேள்வி, கொஞ்சம் பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘மூவ் ஸ்லோலி’ (மெதுவாக நகர்வது), ‘டிரிஃப்ட்’ (drift) இரண்டும் ஒன்றுதானே சார்?

பதில்: இல்லை. துடுப்புப் போட்டு எவ்வளவு மெதுவாகப் போனாலும் அது டிரிஃப்ட் ஆகாது. துடுப்பை உள்ளே வைத்துவிட்டு, நீரோட்டம் இழுத்த பக்கம் போனால் ஆகும். மெதுவு இரண்டாம்பட்சம், சொந்த முயற்சி இல்லாததுதான் முக்கியம்.

கேள்வி: நண்பனோடு சண்டை, பேச்சு நின்றுவிட்டது. ‘வி டிரிஃப்டட் அபார்ட்’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது, அதற்கு ‘வி ஃபெல் அவுட்’. டிரிஃப்டட் அபார்ட் என்றால் யார் மேலும் குற்றமில்லை. ஆளுக்கொரு ஊரில் வேலை, வாராவாரம் பேசியது மாதம் ஒருமுறையாகி, அப்புறம் பொங்கல் வாழ்த்தோடு நின்றுபோவது. சண்டையை மறைக்கவும் பலர் இப்படி எழுதுகிறார்கள், அது வேறு கதை.

கேள்வி: புவியியலில் ‘லாங்ஷோர் டிரிஃப்ட்’ வருகிறதே, அங்கே நகர்வது எது?

பதில்: மணல். அலை கரைமேல் சாய்வாக ஏறும்போது மணலையும் சாய்வாகத் தள்ளும்; தண்ணீர் சரிவில் நேராக இறங்கும். இப்படியே மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டு போகும். சென்னையில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது அது தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கேதான் அதிகம் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழும்பியதும் அதன் வழி அடைபட்டது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் போக வேண்டிய மணல் போய்ச் சேரவில்லை, கடல் கரையை அரித்தது. அங்கே கரையோரம் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் அதற்காகத்தான்.

கேள்வி: ‘கான்டினென்டல் டிரிஃப்ட்’?

பதில்: கண்டங்கள் இடம்விட்டு நகர்கின்றன என்ற கருத்து; 1912இல் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வேகனர் முன்வைத்தது. கண்டங்களை எது தள்ளுகிறது என்பதை அவரால் நம்பும்படி சொல்ல முடியவில்லை; நிலவியலாளர் பலர் ஏற்கவில்லை. பூமியின் மேலடுக்கு பெரிய தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது என்று சொல்லும், 1960களில் வந்த ‘பிளேட் டெக்டானிக்ஸ்’தான் இன்றைய விளக்கம். வேகனரைப் பற்றி எழுதும்போது பழைய பெயர் போதும்.

கேள்வி: கார் டிரிஃப்ட் செம வேகமாக இருக்கிறதே!

பதில்: பின்சக்கரம் பிடி விட்டு, வண்டி பக்கவாட்டில் வழுக்குவது. அதுவும் ஓட்டுநர் வேண்டுமென்றே செய்வது. சொந்த முயற்சி இல்லாததுதான் டிரிஃப்ட் என்று மேலே சொன்ன விதி இங்கே செல்லாது.

கேள்வி: ‘ஸ்னோ டிரிஃப்ட்’ என்றால் பனி விழுவதா?

பதில்: விழுந்த பனியைக் காற்று அடித்துக் குவித்த மேடு.

கேள்வி: ‘யூ கெட் மை டிரிஃப்ட்?’ என்று மேலாளருக்கு எழுதலாமா?

பதில்: வேண்டாம். பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று புரிகிறதா என்பதுதான் பொருள். ஆனால் வாய்விட்டுச் சொல்லாததையும் நீயே புரிந்துகொள் என்ற குத்தல் அதில் உண்டு. நண்பர்களிடம் சரி.