வாசகர் கேள்வி பதில்: முயலை வீட்டில் தனியே விட்டுப் போகலாமா?

இம்முறை முயல் வளர்ப்பவர்களின் கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களுடையது லயத்து வீடு. முன் காம்பரா, பின் காம்பரா, குசினி, அவ்வளவுதான். நாங்கள் இருவரும் காலை ஏழு மணிக்கு மலைக்குப் போனால் திரும்ப மாலை ஐந்தாகிவிடும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். எட்டு மாத முயல் நாள் முழுக்கப் பெட்டிக்குள் கிடக்கிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குள் திறந்துவிட்டுப் போகலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இப்போதே வேண்டாம். ஒரு மாதம் படிப்படியாகப் பழக்கினால், ஒரு காம்பராவில் மட்டும் விடலாம். பெட்டியை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

முதலில் ஒரு ஆறுதலான விஷயம். முயல் ஓடியாடுவது விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணிவரை பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். நீங்கள் மலையில் நிற்கும் நேரமும் அது தூங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பகலில் விசாலமான அடைப்புக்குள் இருப்பது அதற்குக் கொடுமையல்ல. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் உங்கள் கண்முன்னே ஓடக் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால்தான் கம்பியைக் கடிக்கும், கூட்டை உலுக்கும்.

அடைப்பு 6 அடி நீளம், 4 அடி அகலமாவது இருக்கட்டும். உயரம் 3 அடிக்குக் குறைந்தால் தாண்டிவிடும். 1 அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் கம்பி வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கமாக அடியுங்கள். வெட்டிய கம்பி முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணைக் குத்தும். சீமெந்துத் தரை குளிரும், வழுக்கும். சிவப்புப் பொலிஷ் பூசிய தரையில் கால்கள் விரிந்து இடுப்பில் அடிபடும், ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தால் குதிகாலில் முடி உதிர்ந்து புண்ணாகும். பழைய பருத்திப் போர்வையை இரண்டாக மடித்துப் போடுங்கள். உரச்சாக்கு மட்டும் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் நூலைக் கடித்து விழுங்கிவிடும். ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, கவிழாத கனமான தண்ணீர்ச் சட்டி, மலம் கழிக்க ஒரு பேசின், அதன் மேலே எட்டும்படி புல். இவ்வளவும் உள்ளே வேண்டும்.

காம்பராவில் ஏன் அவசரப்பட்டு விடக்கூடாது? முயலால் வாந்தியெடுக்க முடியாது. மெத்தைப் பஞ்சோ, பொலித்தீன் பையோ, விரிப்பு நூலோ உள்ளே போனால் திரும்பி வர வழியில்லை, குடலில் அடைத்துக்கொள்ளும். அதன் எலும்புகளும் இலேசானவை. கதவு படாரென்று சாத்தப்பட்டாலே மிரண்டு உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். போதாக்குறைக்கு, வருத்தம் வந்தால் வெளியே காட்டாது. ஐந்து மணிக்கு நீங்கள் வரும்போது மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும்.

முதல் வாரம் அடைப்போடு இருக்கட்டும், பேசினில் போகப் பழகும். இரண்டாம் வாரம், நீங்கள் இருக்கும்போது மட்டும் காம்பராவில் விடுங்கள். அதற்கு முன் தரையில் படுத்து, முயலின் கண் மட்டத்திலிருந்து காம்பராவைப் பாருங்கள். அலுமாரிக்குப் பின்னால் 2 அங்குல இடைவெளி, கட்டிலடியில் பைகள், சுவரோரம் எலி வளை என்று, நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாதவை எல்லாம் அப்போதுதான் தெரியும். பலகை வைத்து அடையுங்கள். உரிந்து வரும் பழைய பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், அதில் ஈயம் இருக்கலாம். மூன்றாம் வாரம், 15 நிமிடம் வெளியே போய்விட்டு வந்து எது கடிபட்டது, எங்கே ஈரமானது என்று பாருங்கள். சேதம் இல்லையென்றால் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி. ஒரு வாரம் முழுக்க இரண்டு மணி நேரம் சேதமின்றிப் போனால் அரை நாள் விடலாம். ஒருநாள் கடித்துவிட்டால் அடிக்காதீர்கள். கடித்த பொருளை அகற்றிவிட்டு, ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

குசினிக்குள் தனியே ஒருபோதும் விடவேண்டாம். அடுப்புத் தணல், மண்ணெண்ணெய், கொதிநீர் எல்லாம் அங்கேதான். இஸ்தோப்புக் கதவையும் நம்பக்கூடாது, ஒருவர் திறந்த நொடியில் பாய்ந்துவிடும். வெளியே நாய் நிற்கும், தோட்டத்தில் கீரியும் திரியும்.

லயத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. எலி நஞ்சை நீங்கள் வைக்காவிட்டாலும் அடுத்த வீட்டில் வைத்திருக்கலாம். கூரை ஒன்றாக இருப்பதால் எலி அதை இழுத்துக்கொண்டு உங்கள் காம்பராவில் போட்டுவிடும். இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கேள்வி: வயர்களை எல்லாம் கடிக்கிறது. இரண்டு சார்ஜர் போய்விட்டது. மிளகாய்த் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: பூசாதீர்கள். முகம் கழுவும்போது மிளகாய் கண்ணிலும் மூக்கிலும் ஏறிப் புண்ணாக்கும். அது காய்ந்து உதிர்ந்த பிறகு திரும்பவும் கடிக்கத்தான் செய்யும். மண்ணுக்குள் வளை தோண்டும் பிராணி இது, குறுக்கே வரும் வேரை அறுத்துக்கொண்டே போகும். தரையோரம் ஓடும் வயர் அதற்கு ஒரு வேர்தான்.

வயரை எட்டாமல் செய்வது ஒன்றே வழி. நிலையான வயர்களை 20 மில்லிமீற்றர் கொண்டியூட் குழாய்க்குள் விட்டு, அடிக்கு ஒரு கிளிப் வைத்துச் சுவரில் அடியுங்கள். தொங்கும் வயர்களை 3 அடிக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள், பக்கத்தில் கட்டிலோ கதிரையோ இருந்தால் அதிலிருந்து அளக்க வேண்டும். சார்ஜரைப் பாவித்ததும் கழற்றி எடுத்துவிடுங்கள். தோட்டத்துக் குழாயை நீளவாக்கில் கீறி வயரை உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு அது போதும், தனியே விட்டுப் போகும் நேரத்துக்குப் போதாது. குழாயையும் இரண்டு நாளில் கடித்துத் திறந்துவிடும்.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது விழும். வயரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றாகக் கடித்தால், 230 வோல்ட்டும் வாய்க்குள்ளேயே ஓடும், சுவிட்ச் விழாமலே இருக்கலாம். அப்படி நேர்ந்தால் முதலில் மெயினை நிறுத்திவிட்டுத்தான் முயலைத் தொடவேண்டும். எழுந்து ஓடினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம்.

முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீற்றர் அளவில் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றையும் கடைவாய்ப் பற்களையும் தேய்ப்பது மரக்கட்டையைவிடப் புல்தான். புல் எந்நேரமும் இருந்தால் மற்றதைக் கடிப்பது பெருமளவு குறையும். கூடவே கொய்யாக் குச்சி, மல்பெரிக் குச்சி, டேப்பும் கம்பி ஊசியும் உரித்த அட்டைப்பெட்டி கொடுங்கள்.

கேள்வி: ஏழு மாதக் கடுவன் முயல். பேசினில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது கட்டிலில் ஏறிச் சிறுநீர் பெய்கிறது.
– வாசகி, பண்டாரவளை

பதில்: வயதுக்கு வந்துவிட்டது. தன் எல்லையை அடையாளம் வைக்கிறது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் உடலிலுள்ள ஹோர்மோன் அடங்க 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை பெண் முயலோடு சேர்த்து விடாதீர்கள், இன்னும் குட்டி உண்டாக்க முடியும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் விசாரியுங்கள். முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுபோக வேண்டாம். நாய், பூனைக்குத்தான் அந்த விதி. முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசிவரை புல் கொடுங்கள். பெண் முயல் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், சத்திரசிகிச்சை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருவது சகஜம்.

அதுவரை கட்டில் இருக்கும் காம்பராவைச் சாத்திவையுங்கள். நனைந்த இடத்தை வினாகிரியும் தண்ணீரும் சமஅளவு கலந்து துடைத்தால் வாடை போகும். பேசின் 16 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம் இருக்கட்டும். அடியில் நான்கைந்து தாள் பத்திரிகை, மேலே காய்ந்த புல். ஈரத் தாளில் ஒரு துண்டையும் நாலைந்து புழுக்கையையும் அதிலேயே விட்டுவையுங்கள். முயல் தின்றுகொண்டே மலம் கழிக்கும், அதனால் புல்லைப் பேசினுக்கு நேர் மேலே கட்டுவது பாதி வேலையை முடித்துவிடும். மரத்தூள் வேண்டாம், தூசி மூக்கில் ஏறும். தண்ணீர் பட்டால் கட்டியாகும் பூனை மணலும் வேண்டாம்.

முக்கி முக்கிப் போனாலோ, சுண்ணாம்புக் குழம்புபோல் வெள்ளையாகக் கெட்டியாக வந்தாலோ அது அடையாளம் வைப்பதல்ல, சிறுநீர்ப்பை நோயாக இருக்கலாம்.

கேள்வி: மரக்கறித் தோட்டம் செய்கிறோம். வீட்டில் உலாவும் முயல் மூலையில் குவித்த இலைகளையும் பூச்சட்டியையும் தின்கிறது. எது ஆபத்து?
– வாசகர், வெலிமடை

பதில்: லீக்ஸ், வெங்காயம், உள்ளி மூன்றும் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உருளைக்கிழங்கின் இலை, முளைவிட்ட கிழங்கு, தக்காளி இலை, ருபார்ப் இலை, அவக்காடோ இலை ஆகாது. பூக்களில் ஹைட்ரேஞ்சியா, அசேலியா, ரொடொடென்ட்ரன், ஆரம் லில்லி, வேலியோர உண்ணிச்செடி எல்லாமே நஞ்சு. இவற்றைத் தரையில் வைக்கவே கூடாது.

கரட் இலை தாராளமாகக் கொடுக்கலாம். கரட்டில் இனிப்பு அதிகம், நாளுக்கு இரண்டு மெல்லிய துண்டுக்கு மேல் வேண்டாம். கோவா கொஞ்சம் போதும். சோறு, பாண், பிஸ்கட் எதுவும் வேண்டாம். உணவில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். கினிப் புல், கிகூயு புல் இரண்டும் நல்லது. மழையில் நனைந்த புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும், அதைத் தின்றால் வயிறு ஊதும். பரப்பி உலர்த்திக் கொடுங்கள். களைக்கொல்லி அடித்த மலையிலிருந்தும் மருந்து தெளித்த பாத்தியிலிருந்தும் வெட்டாதீர்கள். புதிய இலை எதுவானாலும் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

கேள்வி: பூனையும் முயலும் ஒன்றாகப் படுத்துத் தூங்குகின்றன. இரண்டையும் வீட்டில் விட்டுப் போகலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: கூடாது. முயல் திடீரென ஓடினால் பூனையின் வேட்டைக் குணம் விழித்துக்கொள்ளும். பூனையின் வாயிலும் நகத்திலும் உள்ள கிருமி சின்னக் கீறலையும் சீழாக்கும். கடி பட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அன்றைக்கே மருந்து வேண்டும்.

கேள்வி: வேலை முடிந்து வந்தால் முயல் கட்டிலடியில் குந்தியிருக்கிறது. காலையில் போட்ட புல் அப்படியே கிடக்கிறது. நாளைவரை பார்க்கலாமா?
– வாசகர், பதுளை

பதில்: பார்க்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் நின்றுபோயிருக்கும், அது அவசர நிலை. பல்லை நறநறவென்று கடிப்பது வலியின் அடையாளம். காது குளிர்ந்திருந்தால் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வயிறு மத்தளம்போல் விறைத்திருந்தால் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலின் மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுக்கக்கூடியது அது.

காதைப் பிடித்துத் தூக்க வேண்டாம். ஒரு கை நெஞ்சுக்கடியில், மற்றக் கை பின்பக்கத்தின் கீழ் வைத்துத் தூக்கி, அடியில் துணி விரித்த அட்டைப்பெட்டியில் கொஞ்சம் புல்லோடு வையுங்கள். மருத்துவர் கேட்கப் போவது மூன்று விஷயம்: கடைசியாக எப்போது தின்றது, கடைசியாகப் புழுக்கை எப்போது போட்டது, எதையாவது கடித்ததா என்பது. கிளம்பும் முன் கட்டிலடியையும் அலுமாரிப் பின்புறத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கடித்த துண்டு எது கிடைத்தாலும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.