இந்தோனேசியச் சீனர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் சீன வம்சாவளியினர் பலர் உண்டு. பெயரெல்லாம் இந்தோனேசியப் பெயர். சீன மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் எல்லோரும் அவர்களைச் சீனர் என்றே சொல்கிறார்கள். எங்கே போனாலும் சீனர்கள் சீனர்களாகவே இருப்பார்கள் என்பது சரிதானோ?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சரியில்லை. தாய்லாந்தில் பிரதமராக இருந்த தக்சின் ஷினவத்ராவின் முன்னோர் சீனாவிலிருந்து வந்த ஹக்கா மக்கள். அது அவருடைய அரசியலுக்குத் தடையாக இருக்கவில்லை. அவருக்கு எத்தனையோ எதிரிகள், ஆனால் காரணம் வேறு.

உங்கள் நண்பர்களின் தாத்தாக்கள் ஆசைப்பட்டுப் பெயரை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். 1966இல் சீனர்களின் பெயர் மாற்றத்துக்கு இந்தோனேசிய அரசு வழிசெய்தது. கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி லட்சக்கணக்கானோரைக் கொன்ற 1965 படுகொலைகளைப் பார்த்த பிறகு எவர் மறுப்பார்? லியம் சியோ லியோங் என்ற தொழிலதிபர் சுதோனோ சாலிம் ஆனார். பழைய குடும்பப் பெயர் புதிய பெயருக்குள் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். அடுத்த வருடமே சீனச் சடங்குகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி அன்று ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவத் தளபதி சுகார்த்தோ ஆணையிட்டார். சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. விமான நிலையச் சுங்கப் படிவத்தில் துப்பாக்கி, போதைப்பொருள் வரிசையில் சீன எழுத்தில் அச்சான தாள்களும் இருந்தன!

இத்தனையையும் மறக்கச் சொன்ன அரசு, தான் மட்டும் மறக்கவில்லை. சீனர்களிடம் மட்டும் தனியாகக் குடியுரிமைச் சான்று கேட்டுக்கொண்டே இருந்தது. பேட்மிண்டன் வீரர் ஹெந்திரவான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்காக வெள்ளி வென்றவர், 2001இல் உலக சாம்பியன். அவருக்கே குடியுரிமைத் தாள் கிடைக்காமல் இழுத்தடித்து, 2002இல் அதிபர் மேகவதி தலையிட்ட பிறகுதான் வந்தது. இப்படி இருக்கும்போது, சீன அடையாளத்தை அவர்கள் விடாமல் பிடித்திருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

சீனாவுக்கே திரும்பிப் போனவர்கள் கதை இன்னும் விசித்திரம். வெளிநாட்டவர் கிராமங்களில் சில்லறை வியாபாரம் செய்யக்கூடாது என்று 1959இல் இந்தோனேசியாவில் விதி வந்தது. இந்தோனேசியக் குடியுரிமை இல்லாத சீனர்களின் பிழைப்பு போய், ஒரு லட்சம் பேருக்கு மேல் சீனாவுக்குக் கப்பலேறினார்கள். நிறையப் பேரைச் சீன அரசு தனிப் பண்ணைகளில் குடிவைத்தது. கலாச்சாரப் புரட்சி வந்ததும் வெளிநாட்டுத் தொடர்புள்ளவர்கள் என்று அங்கேயும் சந்தேகம். எழுபதுகளில் பலர் ஹாங்காங் போய்விட்டார்கள். ஜாவாவில் சீனர்களாக இருந்தவர்கள், சீனாவில் இந்தோனேசியர்கள்.

அப்துர்ரஹ்மான் வாஹித் அதிபரானதும் 2000இல் அந்தச் சடங்குத் தடையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை. இப்போது பிள்ளைகள் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் வகுப்புக்குப் போகிறார்கள். கொள்ளுத்தாத்தா பேசியது பெரும்பாலும் தென்சீன மொழிகளான ஹொக்கியனோ ஹக்காவோதான். ஆனால் வேலைச் சந்தையில் செல்லுபடியாவது மாண்டரின். அதில் தப்பும் இல்லை.

அலுவலக நண்பர்களிடம் பழைய குடும்பப் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பலர் சந்தோஷமாகவே சொல்வார்கள். சீனர்களைக் குறிவைத்துத் தாக்கிய 1998 மே கலவரத்தைப் பற்றி மட்டும் அவர்களாகப் பேச்செடுக்காமல் கேட்காதீர்கள்.