கடன் வாங்கியாவது காணிக்கை கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் சிறுவயது முதலே சபையில் வளர்ந்தவர்கள். சில வருடங்களுக்கு முன் அவர் தொடங்கிய தொழில் நஷ்டத்தில் மூடப்பட்டது. மாதாமாதம் கடனை அடைத்து வருகிறோம். சமீபத்தில் ஓர் உபவாசக் கூட்டத்தில், “விசுவாசத்தோடு விதைத்தால் நூறு மடங்கு திரும்பி வரும்” என்று ஊழியக்காரர் சொன்னார். கேட்ட வேகத்தில் ஒரு பெரிய தொகையைத் தேவனுக்குத் தருவதாகப் பொருத்தனை எழுதிக் கொடுத்துவிட்டேன். செலுத்த வழியில்லை. கடன் வாங்கியாவது செலுத்துங்கள், அதுவரை ஆசீர்வாதத்துக்கான தடை நீங்காது என்கிறார்கள். என் தங்கை குடும்பமோ வீடு, கார் என்று ஒவ்வொன்றுக்கும் சபையில் சாட்சி சொல்கிறது. கேட்கும்போது எனக்கு உள்ளே எரிகிறது. கணவர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். செல்வம் தேவனுடைய ஆசீர்வாதம் என்றால், எங்களிடம் அது இல்லாததற்கு என்ன அர்த்தம்? எங்கள் விசுவாசத்தில்தான் குறையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு உடனே பதில் வேண்டும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தாதீர்கள். யார் சொன்னாலும் சரி, எந்த வசனத்தைக் காட்டிச் சொன்னாலும் சரி.

எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காகப் பவுல் சபை சபையாகக் காணிக்கை சேர்த்தார். தேவை உண்மையானது, அவசரமானது. அப்படிப்பட்ட காணிக்கைக்குக்கூட அவர் கொரிந்து சபைக்கு எழுதியது என்ன? மனவிருப்பம் இருந்தால், ஒருவனுக்கு “இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே” அங்கீகரிக்கப்படும் என்றார் (2 கொரிந்தியர் 8:12). அடுத்த அதிகாரத்தில், “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல” என்று இன்னும் தெளிவாக்கினார். கடன் வாங்கிக் கொடுப்பது இல்லாததின்படி கொடுப்பது. தடை நீங்காது என்ற பயத்தில் கொடுப்பது கட்டாயத்தினால் கொடுப்பது. இரண்டுமே வேண்டாம் என்று பவுலே சொல்லிவிட்டார்.

ஆனால் பொருத்தனை செய்துவிட்டேனே என்று நீங்கள் தவிப்பது புரிகிறது. அந்தத் தவிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேவனுக்குச் செய்த பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்று பிரசங்கி புத்தகம் சொல்கிறது, வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோவது நல்லதல்ல. அதே வேதத்தில், பொருத்தனைகளைப் பற்றியே பேசும் லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முதலில் வயதுக்கு இவ்வளவு என்று தொகைகள் வரிசையாக வரும். எட்டாம் வசனத்தில், அந்தத் தொகையைச் செலுத்த முடியாத ஏழையைப் பற்றிய பேச்சு வருகிறது. அவன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும். அவனுடைய “திராணிக்கேற்றபடி” ஆசாரியன் மதிப்பிட வேண்டும். கடன் வாங்கி வா என்று நியாயப்பிரமாணம் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. தொகையை அவன் நிலைக்கு இறக்கிக் கொடுத்தது. பொருத்தனை செய்தவன் பின்னால் முடியாமல் வந்து நிற்பான் என்பது தேவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதற்கு வழியும் வைத்திருந்தார். இந்த வசனத்தைக் காணிக்கைக் கூட்டங்களில் யாரும் வாசிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

ஆகவே உங்கள் போதகரைப் போய்ப் பாருங்கள். “உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டேன். எங்களுக்குக் கடன் இருக்கிறது. எங்களால் முடிந்தது இவ்வளவுதான்” என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அந்த ‘இவ்வளவு’ எத்தனை சிறியதானாலும் பரவாயில்லை. அவர் நல்ல மேய்ப்பராக இருந்தால் உங்களோடு உட்கார்ந்து ஜெபித்து அனுப்புவார். முகம் சுளித்தால், அது அவருடைய முகச்சுளிப்பு. அதை தேவனுடைய கோபமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோரைத் தாங்க வேண்டிய பணத்தை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). பணம் ஆலயத்துக்குத்தானே போனது என்று அவர் சமாதானமாகிவிடவில்லை. உங்களை நம்பிக் கடன் கொடுத்தவர்களுக்கும், உங்கள் கையை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கும் சேர வேண்டியதை எடுத்து ஆலயத்துக்குக் கொடுப்பதை அவர் எப்படிப் பார்ப்பார் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

சரி, அந்த நூறு மடங்கு வாக்குத்தத்தம்? அது வேதத்தில் இருப்பதுதான். ஆனால் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே என்று பேதுரு சொன்னபோது இயேசு கொடுத்த பதில் அது (மாற்கு 10). வீடு, நிலம் மட்டுமல்ல, சகோதரர், சகோதரிகள், தாய்மார், பிள்ளைகள் எல்லாம் நூறத்தனையாகக் கிடைக்கும் என்றார், “துன்பங்களோடேகூட” என்றும் சேர்த்தார். நூறு தாய்மார் எங்கிருந்து வருவார்கள்? விசுவாசிகளின் குடும்பத்திலிருந்துதான். ஒருவருக்கு ஒருவர் கதவைத் திறந்துவைக்கும் சபையைப் பற்றிய வாக்குத்தத்தம் அது. அதைக் கேட்ட பேதுரு பிற்பாடு பணக்காரர் ஆனாரா? ஆலய வாசலில் பிச்சை கேட்ட சப்பாணியிடம் அவர் சொன்னது, “வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை” (அப்போஸ்தலர் 3:6). நூறத்தனை என்ற வார்த்தையைத் தன் காதால் கேட்ட மனிதரின் கையில் கொடுக்கக் காசு இல்லை. அதற்காக அவர் வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார், அந்த மனிதன் எழுந்து நடந்தான்.

காணிக்கை விதை, செல்வம் அறுவடை என்ற இந்தப் போதனை இன்றைய வடிவத்தில் 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உருவெடுத்து, பிறகு உலகமெங்கும் பரவியது. கேள்வி கேட்காமல் எல்லாச் சபைகளும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2010-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பல நாட்டுச் சுவிசேஷ சபைத் தலைவர்கள் கூடிய லொசான் மாநாட்டின் அறிக்கை, ஒருவருடைய ஆவிக்குரிய நிலையைப் பணத்தை வைத்து அளப்பது வேதத்துக்கு ஒத்ததல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. செல்வம் எப்போதும் ஆசீர்வாதத்தின் அடையாளமல்ல, வறுமை எப்போதும் சாபத்தின் அடையாளமோ விசுவாசக் குறைவோ அல்ல என்றும் சொன்னது. நீங்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை உங்களுக்கு முன்னால் சபையும் கேட்டிருக்கிறது, சகோதரி.

செல்வத்தை ஆசீர்வாதம் என்று வேதம் சொல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆபிரகாம் செல்வந்தர். யோபு இழந்ததெல்லாம் இரண்டத்தனையாய்த் திரும்பியது. ஆனால் அந்த யோபு புத்தகம் எதைப் பற்றியது? எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்தவனிடம் வந்து, உன்னிடம் ஏதோ பாவம் இருக்கிறது, அதனால்தான் இப்படி என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசிய மூன்று சிநேகிதரைப் பற்றியது. கடைசியில், என்னைக் குறித்து நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தர் கோபித்துக்கொண்டது அந்த மூன்று பேர்மேல்தான். உங்களிடம் தடை, குறை என்று பேசுகிறவர்கள் அந்தப் புத்தகத்தில் யாருடைய குரலில் பேசுகிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.

இயேசு குழந்தையாக ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது யோசேப்பும் மரியாளும் என்ன காணிக்கை செலுத்த வந்தார்கள்? லூக்கா இரண்டாம் அதிகாரம் புறாக்களைச் சொல்கிறது. லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தின்படி, ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவர்கள் செலுத்தும் காணிக்கை அது. தேவகுமாரன் வளர்ந்த வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லை. அந்த வீட்டில் விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

வறுமையைப் புனிதமாக்கிப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. கடன்காரர் போன் செய்யும்போது வயிற்றில் வரும் பயத்தில் புனிதம் ஒன்றுமில்லை. அதனால்தான் நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் செய்த ஜெபம் எனக்கு மிகவும் பிடித்தது. தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், என் படியை எனக்கு அளந்து கொடும் என்று கேட்கிறார். நிறைந்துவிட்டால் உம்மை மறந்துவிடுவேன், இல்லாமற்போனால் திருடிவிடுவேன் என்று காரணமும் சொல்கிறார். தன் மனதை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்த மனிதர் அவர். நீங்களும் இந்த ஜெபத்தைச் செய்யலாம். கடன் தீர வேண்டும், வருமானம் உயர வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

அப்படியானால் உண்மையான பொக்கிஷம் எது? “உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்” என்ற வசனத்தை நாம் பெரும்பாலும் தலைகீழாகவே புரிந்துகொள்கிறோம். இருதயம் எங்கே இருக்கிறதோ அங்கே பணம் போகும் என்று நினைக்கிறோம். இயேசு சொன்ன வரிசை வேறு. பொக்கிஷம் முன்னால் போகிறது, இருதயம் பின்னால் வருகிறது. நம் பணமும் நேரமும் கவனமும் எதில் போடப்படுகிறதோ, அதன்மேல் மனது தானாகப் படிந்துவிடுகிறது. சேர்த்துவைத்தால் சேர்த்துவைத்ததைக் காவல் காக்கும். ஒரு மனிதனுக்காகச் செலவழித்தால் அந்த மனிதன் எப்படி இருக்கிறான் என்று தேடும். பரலோகத்தில் பொக்கிஷம் சேருங்கள் என்று இயேசு சொல்லும்போது, உங்கள் மனது எந்தப் பக்கம் நகர வேண்டும் என்றுதான் பேசுகிறார். லாபக் கணக்குக்கு அங்கே இடமில்லை. நூறு மடங்கு திரும்பி வரும் என்று கொடுத்தால், பொக்கிஷம் திரும்பி வரப்போகும் அந்தப் பணத்தில்தான் இருக்கிறது. மனதும் அங்கேயே நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டத்திலிருந்து வந்த நாள் முதல் உங்களுக்கு நிம்மதி போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 18-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டில் இருந்தபோது அவருக்கு ஒரு வருடத்தில் 30 பவுண்டு வருமானம் வந்தது. 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். 90 வந்தபோதும், 120 வந்தபோதும் அதே 28-தான். தன் பிரசங்கம் ஒன்றில் பெயர் சொல்லாமல் ஓர் இளைஞரின் கணக்காக இதைச் சொல்லியிருக்கிறார், அது அவரே என்பது பொதுவான கருத்து. அவர் கொடுத்த தொகையைவிட அந்த 28 மாறாமல் நின்றதுதான் என்னைத் தொடுகிறது. போதும் என்ற ஓர் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் வருடம் அவர் கொடுத்தது வெறும் 2 பவுண்டுதான் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் இப்போது அந்த முதல் வருடத்தில் இருக்கிறீர்கள்.

அப்புறம், உங்கள் தங்கை. எரிகிறது என்று மறைக்காமல் எழுதினீர்கள், நல்லது. 73-ஆம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப்பும் மற்றவர்களின் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை மறைக்கவில்லை. அவர் பார்த்தது துன்மார்க்கரை. உங்கள் தங்கை அப்படிப்பட்டவர் அல்ல, தனக்குக் கிடைத்ததற்கு நன்றி சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஆசாப் அதை எங்கே கொண்டுபோனார் என்பது உங்களுக்கு உதவும். தேவனிடமே கொண்டுபோய்க் கொட்டினார். முடிவில் அவருக்குச் செல்வம் வரவில்லை, “எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்” என்ற தெளிவு வந்தது. எபிரெயர் 13:5-உம் இதைத்தான் சொல்கிறது. உள்ளது போதுமென்று எண்ணுங்கள் என்ற பிறகு, நான் உன்னைவிட்டு விலகுவதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே என்று காரணம் காட்டுகிறது. போதும் என்ற மனது வருவது தேவன் கூட இருப்பதால், கையில் இருக்கும் தொகையால் அல்ல. நஷ்டத்தில் தொழில் மூடிய வீட்டிலும் இது அப்படியே இருக்கிறது.

சாட்சி என்றால் வாங்கியதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான் என்கிறது 37-ஆம் சங்கீதம். நீங்கள் இருவரும் தொழில் போன பிறகும் ஓடி ஒளியாமல் மாதாமாதம் கடனை அடைக்கிறீர்கள். சபையில் எழுந்து நின்று சொல்லத் தகுந்த சாட்சி இது. கேட்கிற கூட்டத்தில் கடனோடு உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேருக்கு, புது வீட்டுச் சாட்சியைவிட இதுதான் உதவும்.

கணவரை வற்புறுத்தி அழைக்காதீர்கள். அவர் தேவனைவிட்டு விலகினாரா, அல்லது தோற்றவனாகப் பார்க்கப்படும் இடத்துக்கு வர மனம் கூசுகிறதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அல்லது கேட்டால் தெரியவரும். பொருத்தனைத் தொகையை அவரிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. சொல்லவில்லை என்றால், போதகரைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டு வருமானத்தையும் கடனையும் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள், கொடுக்க முடிந்த தொகையையும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். அவர் சம்மதித்தால் போதகரிடமும் இருவராகவே போங்கள். சம்மதிக்காவிட்டால், சபையில் நீங்கள் நம்பும் மூத்த சகோதரி ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.