கிறிப் சரியில்லை, கார் எடுக்கலாமா?

கேள்வி: மச்சானின் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் பிணை நின்றேன். அவர் கட்டாமல் விட்டது என் கிறிப் அறிக்கையில் வந்துவிட்டது. நான் கடனே எடுக்கவில்லையே? (சாவகச்சேரி)

பிணைக் கையெழுத்தும் கடன்தான். கிறிப் (CRIB) என்று நாங்கள் சொல்லும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் நாங்கள் எடுத்த கடனோடு பிணை நின்றதும் வரும். ஆனால் பணியகம் ஒருவரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. வங்கியும் நிதிக் கம்பனியும் அனுப்பும் விபரத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். கார்க் கடன் தருவதா இல்லையா என்பது கடன் தருபவரின் முடிவு.

முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். பதிவு பிழையென்றால், அதை அனுப்பிய நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்துத் திருத்தக் கேளுங்கள். சரியென்றால் மச்சானோடு இருந்து பேசி நிலுவையைக் கட்டி முடியுங்கள், கடன் தீர்ந்த கடிதத்தைக் கையில் வாங்குங்கள். பழைய தாமதம் உடனே மறையாது. என்றாலும் தீர்த்த கடனையும் நிலுவையில் கிடக்கும் கடனையும் எந்த மனேச்சரும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

கேள்வி: இதுவரை கடன் எடுத்ததே இல்லை. அண்ணா கனடாவில் இருந்து மாதாமாதம் காசு அனுப்புகிறார். ஆனாலும் லீசிங் தர யோசிக்கிறார்கள். (நல்லூர்)

அந்தக் காசு எந்த வழியால் வருகிறது? உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆட்கள் கைமாற்றி வந்தால், வங்கியைப் பொறுத்தவரை உங்களுக்கு வருமானமே இல்லை. இந்த மாதத்திலிருந்தே உங்கள் கணக்குக்கு நேரே போடச் சொல்லுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் ஒழுங்காக வந்தால் அந்தக் கணக்குக் கூற்றே உங்களுக்காகப் பேசும். நிலையான வைப்பு இருந்தால் அதன்மேல் சிறிய கடன் ஒன்றை எடுத்து, தவணை பிந்தாமல் கட்டி முடியுங்கள். முற்பணத்தையும் கூட்டிக்கொண்டு போனால் கதை இன்னும் சுலபம்.

கேள்வி: ஒரு அல்டோ கார் வருகிறது, ஓடுகிற லீசிங், இன்னும் கட்டி முடியவில்லை. "கையில் 12 இலட்சம் தாங்கோ, மிச்சத் தவணையை என்ர பெயரிலேயே கட்டுங்கோ, கிறிப் ஒண்டும் பாக்கமாட்டினம்" என்கிறார் விற்பவர். (அச்சுவேலி)

தயவுசெய்து எடுக்காதீர்கள். இப்படிக் காசும் போய்க் காரும் போனவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

லீசிங் முடியும்வரை வாகனத்தின் உரிமை லீசிங் கம்பனியிடம். அதை விற்க அவருக்கே உரிமை இல்லாதபோது உங்களுக்கு எதை விற்கிறார்? நீங்கள் கொடுக்கும் தவணைக் காசை அவர் கட்டாமல் விட்டால், கம்பனி உங்கள் முற்றத்தில் நிற்கும் காரைத்தான் தூக்கும். விபத்து என்றால் காப்புறுதிப் பணம் உங்கள் பெயரில் வராது. அவர் வெளிநாடு போய்விட்டால் முடிவில் வாகனப் பதிவுப் புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்ற ஆளும் இல்லை. நீங்கள் நான்கு வருடம் நாள் தவறாமல் கட்டினாலும், நல்ல பெயர் அவருடைய கிறிப்புக்கே போகும்.

கார் உண்மையில் பிடித்திருந்தால் இரண்டு பேரும் ஒன்றாகக் கம்பனிக்குப் போங்கள். மிச்சக் கடன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அதை அடைத்து, உங்கள் பெயரில் புதிய லீசிங் போட முடியுமா என்று கேளுங்கள். அவர் கம்பனிக்கு வர மறுத்தால், அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிறிப் சரியில்லாததால் ஒரு இடத்தில் 12 வீத பிளாட் வட்டி சொல்கிறார்கள். கூடவா? (மானிப்பாய்)

கூட. பிளாட் என்றால் கடைசிவரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி. 10 இலட்சத்துக்கு 4 வருடம் என்றால் வட்டி 4 இலட்சத்து 80 ஆயிரம், மாதம் 30,833 ரூபா. கட்டக் கட்ட கடன் தொகை குறைந்து வட்டியும் குறையும் கணக்கில் பார்த்தால் இது ஏறத்தாழ 21 வீதம். இரண்டு மூன்று இடங்களில் மாதத் தவணையையும் மொத்தமாகக் கட்டும் தொகையையும் கேட்டு ஒப்பிடுங்கள், வீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கம்பனிக்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று 1935க்கு அழைத்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.