ஸ்கேன் செய்த பிறகுதான் வேலை: கேள்வி – பதில்

கேள்வி: நடுகல் படங்களும் பழைய பதிவேடுகளுமாக நான்காயிரம் கோப்புகள் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. சில இப்போது திறக்கவில்லை. நூலகம், அருங்காட்சியகம் இரண்டிலுமாக ஆறு பேருக்கு மூன்று நாள் பயிற்சி தர வேண்டும். எதில் தொடங்கலாம்?
– வாசகர், தருமபுரி

பதில்: முதலில், அந்த டிஸ்கில் இனி எதையும் எழுதாதீர்கள், இன்றே முழுப் பிரதி எடுங்கள். திறக்காதவற்றையும் அழிக்க வேண்டாம்.

பயிற்சியை ஸ்கேனரில் தொடங்காதீர்கள், அது அரை நாளில் கைவந்துவிடும். முதல் நாள் முழுக்க செக்சம்தான், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற மதிப்பு; கோப்பில் எது மாறினாலும் இதுவும் மாறும். உங்கள் கோப்புகளில் ஐம்பதை எடுத்து, விண்டோசிலேயே இருக்கும் 'செர்ட்யூட்டில்' (certutil) என்ற கட்டளையால் ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற வகைச் செக்சம் மதிப்பைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்; 64 எழுத்து வரும். எல்லோரும் சாப்பிடப் போனதும் ஒரு படத்தை பெயின்ட்டில் திறந்து, ஒரே ஒரு புள்ளி வைத்துச் சேமித்துவிடுங்கள். கண்ணுக்கு அகப்படாதது செக்சத்தில் உடனே பிடிபடும். பிரதி எடுக்குமுன் ஏன் சரிபார்க்க வேண்டும் என்பது அப்போது மனதில் பதியும்: கெட்ட கோப்பிலிருந்து எடுத்த மூன்று பிரதியும் கெட்டவையே. ஜேபெக் படத்தை நிமிர்த்திச் சேமித்தாலும் மதிப்பு மாறும். ஆகவே மூலத்தைப் பூட்டிவைத்து, நகலில் வேலை செய்யட்டும்.

இரண்டாம் நாள் விவரக்குறிப்பு. ஊர், கல் நிற்கும் இடம், எடுத்த தேதி, எடுத்தவர், கல்வெட்டு வாசகம், உரிமை. இவை இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அது எந்த ஊர்க் கல் என்று சொல்ல ஆளிருக்காது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைவதோடு, கேமரா பதிந்த தேதியும் இடமும் போய்விடும். மெமரி கார்டிலிருந்து நேராக இறக்குங்கள்.

மூன்றாம் நாள் மீட்பு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கிருஷ்ணகிரி போல வெளியூரில். 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஏ4 வண்ணப் பக்கம் ஒன்று, சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாக, சுமார் 46 எம்பி. ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜிபி. அதை மூன்றால் பெருக்கி டிஸ்க் வாங்குங்கள். பிறகு முதல் டிஸ்கைக் கழற்றிவிட்டு, பிரதியிலிருந்து ஐம்பதையும் மீட்டு, செக்சம் ஒப்பிடச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடும் படி இதுதான்.

கேள்வி: கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வேண்டாம். 'தொப்பூர்', 'போச்சம்பள்ளி' இரண்டையும் பாருங்கள். யூனிகோடில் 'ொ', 'ோ' ஒவ்வொன்றையும் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தேடினால் பாதி சிக்காது. கோப்புக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். தமிழ்ப் பெயர் பட்டியலில் இருக்கட்டும், முழுதும் என்எஃப்சி (NFC) வடிவில், அதாவது ஒரே குறியாக எழுதும் முறையில்.