நெடுஞ்சாலைப் பணியில் புராஜெக்ட் என்ஜினியர் தினமும் என்னதான் செய்வார்?

நின்று மேற்பார்வை பார்ப்பதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பாதி நாள் காகிதத்திலும் போனிலும் போய்விடும். ஜல்லி வந்ததா, டிப்பர் எத்தனை, எந்த இடத்தில் நிலம் இன்னும் கைக்கு வரவில்லை, மின்கம்பத்தை எப்போது மாற்றுவார்கள் என்று ஓயாது.

ஆனால் உண்மையான வேலை மண்ணில்தான் இருக்கிறது. தார்ப் பரப்புக்கு அடியில் ஜல்லி அடுக்குகள், அவற்றுக்கும் அடியில் 500 மி.மீ. கனத்துக்கு இறுக்கிய மண். மத்திய சாலைத் துறையின் விவரக்குறிப்புப்படி இந்த மண் ஆய்வகத்தில் கிடைத்த அதிகபட்ச உலர் அடர்த்தியில் (ஈரத்தின் எடையைக் கழித்து, மண் மிக நன்றாக இறுகும்போது உள்ள அடர்த்தி) குறைந்தது 97 சதவீதம் இறுக வேண்டும். ஈரம் குறைந்தாலும் கூடினாலும் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுகாது. அதனால் குழி தோண்டி, மணல் நிரப்பி அடர்த்தி பார்ப்போம். தேறவில்லையா? கிளறிவிட்டு மறுபடி உருட்ட வேண்டியதுதான். தேறினால் வேலையைச் சரிபார்க்கும் ஆலோசகர் தரப்பு என்ஜினியரிடம் ஆய்வுக் கோரிக்கை கொடுத்து, அவர் கையெழுத்து போட்ட பிறகே அடுத்த அடுக்கு.

தார் போடும் நாள் தனி. வி.ஜி.30 என்ற தர வகைத் தாரில் செய்த கலவையை விரிக்கும்போது 140 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். 90-க்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். லாரி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் அந்த லோடைத் திருப்பி அனுப்புவது யார்? நீங்கள்தான். அன்றைக்குத் திட்டும் கிடைக்கும்.

அப்புறம், மாதக் கடைசியில் அளவெடுத்துப் பில் போடுவது. சிவில் படிப்பில் இதைச் சரியாகச் சொல்லித் தருவதே இல்லை!