சட்ட ஆலோசனை: அந்த இரண்டு மாதக் கையெழுத்துதான் உங்கள் வழக்கு

கேள்வி: டெல்டா பகுதியில் ஒரு சிறிய ஊரில் பதினான்கு வருடமாக லேப் நடத்துகிறேன். டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படித்தவன். லேபுக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. பதிவில் காட்டியிருந்த பேத்தாலஜிஸ்ட் (லேப் பரிசோதனைகளைச் சரிபார்க்கும் சிறப்பு மருத்துவர்) தன் கையெழுத்தை ஸ்கேன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், மாதாமாதம் ஜிபேயில் பணம் கொடுத்துவந்தேன். மார்ச்சோடு அவர் போதும் என்று சொல்லிவிட்டார். வேறு டாக்டர் கிடைக்கும் வரை, ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதே கையெழுத்தில்தான் ரிப்போர்ட் போனது. ஏப்ரலில் ஒரு பெண்ணின் தைராய்டு ரிப்போர்ட், அதே பெயருள்ள இன்னொருவருடையதோடு மாறிவிட்டது. அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டியதில் படபடப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார், இப்போது நலமாக இருக்கிறார். 5 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மருத்துவத் துறையின் ஜே.டி. (இணை இயக்குநர்) அலுவலகமும் விளக்கம் கேட்டிருக்கிறது. பேத்தாலஜிஸ்டோ "என் கையெழுத்தை யாருக்கும் தரவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். நோயாளிகளை அனுப்புவதற்குக் கொடுத்துவந்த கமிஷனை நிறுத்தியதால் பக்கத்து கிளினிக் டாக்டர்தான் எல்லாவற்றையும் தூண்டிவிட்டார். கொரோனா சமயத்தில் வீடு வீடாகப் போய் சாம்பிள் எடுத்த எனக்கு இதுதான் கூலியா? 2021 சட்டப்படி நானும் அங்கீகாரம் பெற்ற துறையில்தானே இருக்கிறேன்?

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் கிளினிக் டாக்டரைப் பற்றியும் கொரோனா சேவையைப் பற்றியும். வழக்கை முடிவு செய்யப்போவது மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரே வரி: "ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதே கையெழுத்தில்தான் ரிப்போர்ட் போனது." மற்றதை ஒதுக்கிவைத்துவிட்டு அதைப் பேசுவோம்.

முதலில் 2021 சட்டம், ஏனென்றால் லேப் நடத்தும் பலர் அதைக் கவசமாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் லேப் டெக்னாலஜிஸ்டை ஒரு தொழில்முறையாளராக ஏற்கிறது, மாநிலப் பதிவேட்டில் இடம் தருகிறது. நல்ல சட்டம். ஆனால் அது உங்களை டெக்னாலஜிஸ்டாகத்தான் அங்கீகரிக்கிறது. ரிப்போர்ட்டின் அடியில் மருத்துவராகக் கையெழுத்திடும் உரிமையைத் தரவில்லை. அந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 12 அன்று குஜராத் வழக்கில் சொன்னதுதான் உங்கள் முன் வைக்கப்படும்: லேப் ரிப்போர்ட்டில் மேலொப்பம் (சரிபார்த்ததற்கான கையெழுத்து) இட, பேத்தாலஜியில் முதுநிலைப் பட்டம் பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர் வேண்டும். உத்தரவு சில வரிகள்தான். மருத்துவக் கவுன்சிலின் நிலைப்பாடு சரி என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

"அனலைசர் (சாம்பிளைச் சோதிக்கும் மெஷின்) காட்டிய எண்ணைத்தானே அச்சடித்தேன், கருத்து எதுவும் சொல்லவில்லையே" என்று ஒரு வாதம் உண்டு. ஆய்வகங்களுக்கான மத்திய விதிகள் 2020-ல் திருத்தப்பட்டதையும் இதோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். அந்த விதிகள் மருத்துவ நிறுவனங்களுக்கான 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வந்தவை. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. இங்கே இருப்பது 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018 விதிகளும். டெக்னீஷியன் கையெழுத்து போதும் என்று வாதாட விரும்பினால் சங்கத்தோடு சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு வாதாடுங்கள். ஜே.டி. நோட்டீஸுக்கான பதிலில் அது உதவாது. உங்கள் விஷயத்தில் ஒட்டவே ஒட்டாது, ஏனென்றால் நீங்கள் உங்கள் கையெழுத்தைப் போடவில்லை.

இப்போது அந்த வரிக்கு வருவோம். மார்ச் வரை நடந்ததற்கும் ஏப்ரலுக்குப் பிறகு நடந்ததற்கும் சட்டத்தின் பார்வையில் பெரிய தூரம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 335-ஆம் பிரிவுப்படி ஒரு ஆவணம் பொய் ஆவணம் ஆவதற்கு, இன்னொருவர் தந்த அதிகாரத்தோடு ஒப்பமிடப்பட்டது என்று நம்பவைக்க வேண்டும், அந்த அதிகாரம் இல்லை என்பது ஒப்பமிட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் வரை அவர் அனுப்பிய படம் இருக்கிறது, வாங்கிய பணம் இருக்கிறது. "யாருக்கும் தரவில்லை" என்ற அவர் பேச்சு உங்கள் போனில் உள்ள செய்திகள் முன்னால் நிற்காது. ஏப்ரலில் அவர் போதும் என்று சொல்லிவிட்டார், உங்களுக்கும் தெரியும். பவர் ரத்தானது தெரிந்தும் பத்திரம் பதிந்து கொடுத்தவர் நிலைமைதான் உங்களுடையது. ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தால் 336(3), அதைப் பயன்படுத்தினால் 340(2), ஏமாற்றுதலுக்கு 318(4). ஏழு வருடம் வரை தண்டனை போகக்கூடிய பிரிவுகள் இவை. இன்னொருவரின் மின்னணு ஒப்பத்தையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தியதாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி-யையும் போலீஸ் சேர்க்கப் பார்க்கும். ஸ்கேன் எடுத்த படம் அந்தச் சட்டம் சொல்லும் மின்னணு ஒப்பமே அல்ல என்று நாங்கள் வாதாடுவோம். வாதாடலாம், அவ்வளவுதான்.

மார்ச் வரையிலான காலம் முழுக்கப் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். டாக்டர் பார்க்காத ரிப்போர்ட்டை அவர் பார்த்ததாக நோயாளி நம்பிப் பணம் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் குழியில் டாக்டரும் உங்களோடு நிற்கிறார், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏப்ரல் குழியில் நீங்கள் தனி.

இனி, கட்சிக்காரர்கள் தாங்களாகவே வெட்டிக்கொள்ளும் குழிகள். சம்பவத்தால் கெட்டவர்களைவிட, நோட்டீஸ் வந்த பிறகு செய்த காரியத்தால் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் விழுவது பதில் கடிதத்தில். ஜே.டி. அலுவலகத்தில் தெரிந்த ஒரு கிளார்க் "மனிதாபிமான அடிப்படையில் மன்னிக்கவும்னு ஒரு லெட்டர் குடுங்க, முடிச்சிடலாம்" என்பார். நீங்களும் டாக்டர் விலகிய பிறகு வேறு வழியில்லாமல் போட்டேன், பிழைப்புக்காகத்தான் என்று உருகி எழுதிக் கொடுப்பீர்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, பாரதிய சாட்சிய அதினியம் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இணை இயக்குநர் போலீஸ் அல்ல. அவரிடம் உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்தது அப்படியே குற்றப்பத்திரிகையோடு வந்து உட்காரும். எனக்கு அனுப்பிய கடிதத்தை அப்படியே அங்கேயும் அனுப்பியிருந்தால் பாதி வழக்கு முடிந்தது. அனுப்பவில்லை என்று நம்புகிறேன்.

அடுத்தது முன்தேதியிட்ட ஒப்பந்தம். "டாக்டர் மே மாசம் வரைக்கும் சம்மதிச்சதா ஒரு அக்ரிமென்ட் ரெடி பண்ணிடலாமா" என்று யாராவது யோசனை சொல்வார்கள். முத்திரைத்தாளில் விற்ற தேதியும் விற்பனையாளர் பெயரும் இருக்கிறது. பழைய தாள் தேடிப் பிடித்து எழுதியவர்களும் மாட்டியிருக்கிறார்கள். இப்போது இருப்பது விவாதிக்கக்கூடிய ஒரு வழக்கு. ஒப்பந்தத்தை ஜோடித்தால் விவாதத்துக்கே இடமில்லாத இரண்டாவது வழக்கு வரும்.

அதே வகையில் வரும் இன்னொன்று, புதிய பேத்தாலஜிஸ்டைப் பிடித்து ஏப்ரல், மே ரிப்போர்ட்டுகளை அவர் பெயரில் மறுபடி அச்சடிப்பது. அல்லது சாஃப்ட்வேரிலிருந்து பழைய கையெழுத்தை அழிப்பது. லேப் சாஃப்ட்வேரில் எந்தப் பயனர் எந்த நேரத்தில் எதை மாற்றினார் என்ற பதிவு இருக்கும், அனலைசரின் நினைவகத்தில் ஓட்டிய நேரம் இருக்கும், நோயாளிகளின் போனில் பழைய பி.டி.எஃப். இருக்கும். மூன்றையும் நீங்கள் அழிக்க முடியாது. அந்தக் கையெழுத்தைப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். எதையும் அழிக்காதீர்கள். கம்ப்யூட்டர் சர்வீஸுக்குக்கூட இப்போது போக வேண்டாம்.

கமிஷன் விஷயம். பக்கத்து கிளினிக் டாக்டரைத்தான் நீங்கள் முதல் எதிரியாக எழுதியிருக்கிறீர்கள். அவர் தூண்டியிருக்கலாம், அதனால் சட்டத்தில் ஒன்றும் மாறாது. உள்நோக்கத்தோடு கொடுத்த புகாராக இருந்தாலும் ரிப்போர்ட்டில் இருக்கும் கையெழுத்து அங்கேதான் இருக்கும். பரிந்துரைக்குக் கமிஷன் வாங்குவது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க நெறிமுறைகள் 6.4-ன்படி டாக்டருக்குத் தடை. "கமிஷன் நிறுத்தினேன்" என்று நீங்கள் எழுதினால் அதுவரை கொடுத்தேன் என்றும் எழுதியதாகிறது. அந்தப் பெயரைப் பதிலில் எங்கும் கொண்டுவராதீர்கள்.

பேத்தாலஜிஸ்டுக்குப் போன் போட்டு "நீங்களும்தான் மாட்டுவீங்க, வாட்ஸ்அப் எல்லாம் என்கிட்ட இருக்கு" என்று பேசியிருக்கிறீர்களா? பேசவில்லை என்றால் பேசாதீர்கள். அது மிரட்டல் புகாராக மாறும், நிச்சயம் ரெக்கார்டும் ஆகும். அவருக்கும் இது வெளியே வளர்வதில் லாபமில்லை. வக்கீல் வழியாக அவருடைய வக்கீலிடம் பேச வேண்டிய விஷயம் அது.

சரி, 5 லட்சம் நோட்டீஸ். நேராகவே சொல்கிறேன்: அந்தப் பெண்ணோடு சமரசமாகப் போய்விடுங்கள். ரிப்போர்ட் மாறியதை நீங்களே மறுக்கவில்லை. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, காசு வாங்கி நடக்கும் லேப் தப்பிக்க வழியில்லை. அங்கே தோற்பதால் போகும் பணத்தைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி, "இந்த ரிப்போர்ட்டைச் சரிபார்த்தது யார்?" என்பதுதான். நீங்கள் பிரமாணப் பத்திரத்தில் என்ன சொன்னாலும் அது கிரிமினல் வழக்குக்குப் போகும். டாக்டர் சரிபார்த்தார் என்றால் பொய்ச் சத்தியம். யாரும் பார்க்கவில்லை என்றால் ஒப்புதல். அந்தக் கூண்டில் ஏறாமல் இருப்பதற்குத்தான் பணம் கொடுக்கச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பில், மருந்து, வேலைக்குப் போகாத நாட்கள், அதற்கு மேல் மனம் சமாதானம் ஆகும் ஒரு தொகை. ஒன்றரை, இரண்டு லட்சத்தில் முடிந்தால் பேரம் பேசிக்கொண்டிருக்காமல் முடியுங்கள். புகார் கொடுக்க அவருக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு, அதனால் காலம் கடத்தினால் ஓய்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் சமரசப் பத்திரத்திலும் ஒரு குழி இருக்கிறது. ஊர்ப் பெரியவர் எழுதித் தரும் காகிதத்தில் "போலிக் கையெழுத்திட்டுத் தவறான ரிப்போர்ட் கொடுத்ததற்காக" என்று ஒரு வரி வந்து விழும். இரண்டு பக்கமும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், பிணக்கை முடித்துக்கொள்ளவே தொகை தரப்படுகிறது என்று எழுதுங்கள். சிகிச்சைச் செலவு என்று குறிப்பிட்டு வங்கி வழியாகவே கொடுங்கள். வழக்கு ஆணையத்துக்குப் போய்விட்டிருந்தால் அங்கேயே மத்தியஸ்தத்துக்கு அனுப்பச் சொல்லி, பதிவாகும்படி முடிப்பது இன்னும் நல்லது. 2019 நுகர்வோர் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

சமரசம் ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஏமாற்றுதல் குற்றத்தை நீதிமன்ற அனுமதியோடு சமாதானமாக முடிக்கலாம், போலி ஆவணக் குற்றத்தை அப்படி முடிக்க முடியாது. எஃப்.ஐ.ஆர். பதிவானால் உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528-ன் கீழ் ரத்து கேட்டுத்தான் போக வேண்டும். தனிப்பட்டவர்களுக்கிடையே சமரசமான வழக்குகளில் ரத்து செய்யலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றத்தின் கியான் சிங் தீர்ப்பு வழி திறந்தது. அந்தக் கதவுக்கு இந்தப் பெண்ணின் கையெழுத்தும் பேத்தாலஜிஸ்டின் கையெழுத்தும் வேண்டும். இந்த முறை நிஜமாகவே அவர் போட்ட கையெழுத்து. போலீஸ் கூப்பிடும் அறிகுறி தெரிந்தால் அதே சட்டத்தின் 482-ன் கீழ் முன்ஜாமீன் மனு தயாராக இருக்கட்டும்.

லேபின் பதிவு தனி விவகாரம். பேத்தாலஜிஸ்ட் விலகியதை நீங்கள் தெரிவிக்காமல் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதால் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பார்கள் என்றே எதிர்பாருங்கள். ரத்தானால் மேல்முறையீடு உண்டு, கெடு தவறாமல் செய்யுங்கள். நேரில் வந்து ரிப்போர்ட் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் உங்கள் ஊரில் கிடைக்கவில்லை என்றால், பெரிய லேப் ஒன்றின் கலெக்‌ஷன் சென்டராக, அதாவது சாம்பிள் எடுத்து அனுப்பும் இடமாக மட்டும், மாறிவிடுவதே மேல். வருமானம் குறையும். ரிப்போர்ட்டின் அடியில் யார் பெயர் வருகிறது என்ற கவலை உங்களுடையதாக இருக்காது.

ஜே.டி. அலுவலகத்துக்கு இப்போதைக்குப் போக வேண்டியது இரண்டே வரிக் கடிதம்: நோட்டீஸ் கிடைத்தது, ஆவணங்களைப் பார்த்து வக்கீல் மூலம் பதிலளிக்கப் பதினைந்து நாள் அவகாசம் வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மார்ச் வரையிலான ஜிபே ஸ்டேட்மென்ட், அந்த வாட்ஸ்அப் இருக்கும் போன், இரண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் கிரிமினல் பார்க்கும் ஒரு வக்கீலிடம் போங்கள். போனை மாற்றவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் போதாது, அசல் போன்தான் சாட்சியம்.